ஆடி இல்லாத லேசர்: 83 கி.மீ. ஒளியிழையின் நிகழ்வு ஆய்வு

83 கி.மீ. நீளமுள்ள சாதாரணத் தொலைத்தொடர்பு ஒளியிழை. அதன் நடுப்புள்ளியில் 1455 நானோமீட்டர் பம்ப் ஒளி (லேசருக்கு ஆற்றல் ஊட்டும் ஒளி) இரண்டு கப்ளர்கள் (இழைகளை இணைக்கும் சிறு உறுப்புகள்) வழியாக நுழைகிறது, ஒன்று இடப்பக்கம் நோக்கி, மற்றொன்று வலப்பக்கம் நோக்கி. இரு முனைகளையும் சாய்வாக வெட்டிவிட்டதால் அங்கிருந்து ஒளி திரும்பி வர வழியில்லை. ஆடி எங்குமே கிடையாது. பம்பின் மொத்தத் திறன் சுமார் 1.6 வாட்டைத் தாண்டியதும், இரு முனைகளிலும் 1557, 1567 நானோமீட்டர் அருகே குறுகிய நிறமாலையுடன் லேசர் ஒளி தொடர்ச்சியாக வரத் தொடங்கியது. பர்மிங்காமின் ஆஸ்டன் பல்கலைக்கழகம், நோவோசிபிர்ஸ்கின் தானியங்கியல் மற்றும் மின்னளவியல் நிறுவனம், மாட்ரிட்டின் ஒளியியல் நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்த குழு 2010-இல் 'நேச்சர் ஃபோட்டானிக்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனை இது. செர்கெய் துரித்சினும் செர்கெய் பாபினும் அதை முன்னின்று நடத்தினார்கள்.

அந்த 1.6 வாட் எங்கிருந்து வருகிறது என்பதைக் கையால் கணக்கிட்டுப் பார்ப்பதுதான் இங்கே முதல் வேலை. அதே கணக்கைக் கொண்டு, ஒரு பக்கம் மட்டும் ஆடி வைத்த எளிய வடிவத்தைக் கட்டும்போது எந்தக் குறை எவ்வளவு கெடுக்கும் என்பதையும் எண்ணாகவே சொல்லிவிடலாம். ஆடி வைத்த லேசரில் பழகிய கை, இங்கே கவனத்தைத் தவறான இடத்தில் செலவழித்துவிடும். எந்த இடம் உண்மையில் முக்கியம் என்பதைக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

முன்கதை, சுருக்கமாக

சிதறலே பின்னூட்டமாகி, அதாவது ஆடியைப்போல ஒளியைத் திருப்பி அனுப்பி, லேசர் உருவாகலாம் என்பதை 1960-களின் பிற்பகுதியிலேயே சோவியத் இயற்பியலாளர் லெத்தோகோவ் கோட்பாடாகச் சொல்லிவிட்டார். 1994-இல் லவாண்டி குழு, ரோடமின் சாயக் கரைசலில் டைட்டானியம் டையாக்சைடு துகள்களைக் கலந்து லேசர் போன்ற உமிழ்வைக் காட்டியது. அத்தகைய கலவைகளில் ஒளி எல்லாத் திசையிலும் பாய்ந்துவிடும், கற்றை என்று ஒன்று கிடைக்காது. 2007-இல் டி மாட்டோஸ் குழு அதே கலவையை உள்ளீடற்ற ஒளியிழைக்குள் நிரப்பியபோது திசை கிடைத்தது. 2009-இல் எர்பியம் இழையில் ஒழுங்கற்ற பிராக் கீற்றணிகளை (குறிப்பிட்ட அலைநீளத்தைத் திருப்ப இழைக்குள் எழுதும் வரிகளை) எழுதியும் ஒழுங்கற்ற லேசர்கள், அதாவது சிதறலே ஆடியாகும் லேசர்கள், கட்டப்பட்டன. காஞே, காஷ்யப் இருவரும் செய்த ஒன்று 3 மில்லிவாட் பம்பிலேயே தொடங்கியது.

83 கி.மீ. சோதனைக்கு நேரான முன்னோடி வேறு. அதே 2009-இல் துரித்சின் குழு, இரு முனையிலும் பிராக் கீற்றணி வைத்த 270 கி.மீ. ராமன் லேசரைக் கட்டியது. அந்த நீளத்திலும் அதிர்வு மோடுகள் (இரு ஆடிகளுக்கு இடையே நிலைக்கும் அதிர்வெண்கள்) தனித்தனியாகத் தெரிந்தன, ஆனால் நீளம் கூடக் கூட இழையின் சிதறலே அவற்றைக் கலைக்கத் தொடங்கியது. ஆடியைக் கெடுக்கும் அளவுக்குச் சிதறல் வலுவாக இருக்கிறது என்றால், ஆடியை எடுத்துவிட்டு அதன் வேலையைச் சிதறலிடமே விட்டுவிடலாமே. 2010-இன் சோதனை அந்தக் கேள்விக்கான விடை.

ஆயிரத்தில் ஒன்று, அதிலும் நூற்றில் நான்கரை

ஒளியிழை சுமார் 2000 டிகிரி செல்சியஸ் சூளையிலிருந்து இழுக்கப்படுகிறது. உருகிய சிலிக்காவில் அடர்த்தி இடத்துக்கு இடம் சற்றே ஏறி இறங்கும். இழை குளிரும்போது அந்த ஏற்றத்தாழ்வு அப்படியே உறைந்துவிடுகிறது. அலைநீளத்தைவிட மிகச் சிறிய இந்தத் திட்டுகளில் ஒளி மோதிச் சிதறுவதுதான் ராலே சிதறல். 1550 நானோமீட்டரில் நல்ல இழையின் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல், அதில் பெரும்பங்கு இந்தச் சிதறலே.

ஒரு கிலோமீட்டரில் சுமார் 4.5 சதவீத ஒளி சிதறுகிறது. அதில் பெரும்பகுதி பக்கவாட்டில் வெளியேறிவிடும். பின்னோக்கித் திரும்பி இழையின் மையத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்வது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டையும் பெருக்கினால் கிலோமீட்டருக்கு 4.5 × 10⁻⁵ வரும். பெருக்கம் எதுவும் இல்லாத மிக நீண்ட இழை மொத்தமாகத் திருப்பித் தருவது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது −33 டெசிபல். நல்ல ஆடி 99 சதவீதம் தருகிற இடத்தில் இது 0.05 சதவீதம்.

இந்தக் குறையை ஈடுகட்டுவது ராமன் பெருக்கம். 1928-இல் ராமன் கண்ட விளைவின் தூண்டப்பட்ட வடிவம் அது. சிலிக்காவில் இதன் உச்சம் பம்பின் அதிர்வெண்ணுக்கு 13.2 டெராஹெர்ட்ஸ் கீழே இருக்கிறது, 14.7 டெராஹெர்ட்ஸ் அருகே இரண்டாவது சிறு உச்சமும் உண்டு. 1455 நானோமீட்டர் பம்புக்கு இவை முறையே 1555, 1567 நானோமீட்டர் அருகே விழும். சோதனையில் இரண்டு கோடுகள் தெரிந்ததன் காரணம் இதுதான். எந்த அலைநீளம் வரும் என்பதை ராமன் பெருக்கத்தின் வடிவம் முடிவு செய்கிறது. சிதறல் திட்டுகள் பல கிலோமீட்டருக்குப் பரவி எல்லா அலைநீளத்தையும் ஏறக்குறையச் சமமாகவே திருப்புவதால், துகள் கலந்த சாய லேசர்களில் காணும் தாறுமாறான ஊசிமுனை நிறமாலை இங்கே தோன்றுவதில்லை. அடுத்த துடிப்பில் வேறு நிறமாலை என்ற பேச்சும் இல்லை.

1.6 வாட்டின் கணக்கு

தேவையான எண்கள் நான்கு. ராமன் பெருக்கக் கெழு: ஒரு வாட்டுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு 0.39. பம்பின் இழப்பு: கிலோமீட்டருக்கு 0.25 டெசிபல், இயல் மடக்கை அலகில் 0.0575. லேசர் ஒளியின் இழப்பு: 0.2 டெசிபல், அதாவது 0.046. பின்சிதறல்: 4.5 × 10⁻⁵.

நடுவிலிருந்து ஒரு பக்கமாக 0.85 வாட் பம்ப் செல்வதாக வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் பெருக்கம் கிலோமீட்டருக்கு 0.39 × 0.85 = 0.33. இழப்பு 0.046 மட்டுமே என்பதால் ஒளி வேகமாக வளர்கிறது. பம்ப் தேயத் தேயப் பெருக்கம் குறைந்து, ஓரிடத்தில் இழப்புக்குச் சமமாகிறது. 0.33-ஐ 0.046-ஆல் வகுத்தால் 7.2, அதன் இயல் மடக்கை 1.975, அதை 0.0575-ஆல் வகுத்தால் 34.4 கி.மீ. நடுவிலிருந்து புறப்பட்ட ஒளி அதுவரை வளர்ந்துகொண்டே போய், அதற்குப் பின் தேயும். 83 கி.மீ. இழையின் பாதி 41.5 கி.மீ. என்பதால் இந்த உச்சம் இழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

அந்த உச்சம் வரை நிகரப் பெருக்கம் 3.39 நேப்பர் (இங்கே திறன் விகிதத்தின் இயல் மடக்கை), அதாவது சுமார் 15 டெசிபல். அங்கே சிதறித் திரும்பும் ஒளி வந்த வழியே மீண்டும் பெருகி நடுப்புள்ளிக்கு வருகிறது. போக வர இரு முறை என்பதால் பெருக்கம் e-இன் 6.77-ஆம் அடுக்கு, ஏறக்குறைய 870 மடங்கு.

ஒவ்வொரு கிலோமீட்டரும் இந்த 870-ஐ முழுதாகப் பெறுவதில்லை. உச்சத்தில் எடை 1 என்று வைத்தால், 5 கி.மீ.யில் 0.013 மட்டுமே, 10 கி.மீ.யில் 0.07, 15-இல் 0.23, 20-இல் 0.48, 25-இல் 0.76, 30-இல் 0.95, 35-இல் 1, 40-இல் 0.93. இவற்றை 41.5 கி.மீ. வரை கூட்டினால் கிடைக்கும் 'பயனுறு நீளம்' 21.2 கி.மீ. ஆக, ஒரு பாதி திருப்பித் தரும் பங்கு 4.5 × 10⁻⁵ × 21.2 × 870 = 0.83.

ஒரு பாதி தருவது 1-ஐத் தொட்டுவிட்டால் மறுபாதியும் அதையே தரும், சுற்று நிறைவடையும், லேசர் தொடங்கும். 0.83-ஐ 1 ஆக்க இன்னும் 16 மில்லிவாட் போதும். பக்கத்துக்கு 0.87 வாட், மொத்தம் 1.73 வாட். சோதனையில் கண்டது சுமார் 1.6. இழைக்கு இழை சற்றே மாறும் கெழுக்களை வைத்துத் தாளில் போட்ட கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது இந்த அமைப்பின் அழகு.

மேலே கொடுத்த எடைகளை இன்னொரு முறை பாருங்கள். பின்னூட்டத்தில் 87 சதவீதம் 20 கி.மீ.க்கு அப்பாலிருந்து வருகிறது. பம்புக்கு அருகிலுள்ள முதல் 10 கி.மீ. தருவது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இந்த லேசரின் 'ஆடி' கைக்கு எட்டும் இடத்தில் இல்லை, இழை சுற்றிய உருளையின் உள்ளே எங்கோ 20 முதல் 40 கி.மீ. தொலைவில் பரவிக் கிடக்கிறது. பிழை தேடும்போது முதலில் நினைவுக்கு வரவேண்டியது இதுதான்.

பாதி மடித்த வடிவம்

சமச்சீரான இழையை நடுவில் மடித்து, மடித்த இடத்தில் ஓர் ஆடியை வைத்தால் ஒரு பாதிக்கு மறுபாதியின் வேலையை அந்த ஆடி செய்துவிடும். நிபந்தனை மாறுவதில்லை: ஆடியின் பங்கு × இழை திருப்பும் பங்கு = 1. ஆடி முழுமையானதாக இருந்தால் ஒரே ஒரு பம்ப் 0.87 வாட்டில் வேலையை முடித்துவிடும். மொத்தத் தேவை பாதியாகக் குறைகிறது. இன்று ஆய்வகங்களில் கட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்தப் பாதி திறந்த வடிவமே.

கட்டுவதற்கு வேண்டியவை: 2 வாட் வரை தரும் 1455 நானோமீட்டர் ராமன் இழை லேசர் பம்ப்; 1455/1550 டபிள்யூ.டி.எம். கப்ளர் (இரு அலைநீளங்களைச் சேர்க்கும் அல்லது பிரிக்கும் உறுப்பு) இரண்டு, ஒன்று பம்பை உள்ளே விட, மற்றொன்று கடைசியில் மீந்த பம்பைப் பிரிக்க, ஆடியாக 1555 நானோமீட்டர் பிராக் கீற்றணி, அல்லது 50:50 கப்ளரின் இரு வெளியீட்டு இழைகளையும் ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த வளைய ஆடி, ஜி.652 இழை (சாதாரணத் தொலைத்தொடர்பு இழை) 25 கி.மீ. உருளைகள் இரண்டு, 1550 ஐசோலேட்டர் (ஒளியை ஒரே திசையில் மட்டும் விடுவது), 1 சதவீத டேப் கப்ளர் (அளவீட்டுக்குச் சிறிது ஒளியைப் பிரிப்பது), 8 டிகிரி சாய்வு முகப்பு கொண்ட ஏ.பி.சி. பிக்டெயில்கள் (கனெக்டர் பொருத்திய குட்டை இழைகள்).

50 கி.மீ.க்குக் கணக்கை நீட்டினால் பயனுறு நீளம் 27.5 கி.மீ. ஆகிறது, தொடக்கத் திறன் 0.84 வாட். 8.5 கி.மீ. கூடுதல் இழைக்குக் கிடைத்தது 0.03 வாட்தான். 100 கி.மீ. ஆக்கினாலும் 0.82-க்கு மேல் இறங்காது. நீளத்தைக் கூட்டித் தொடக்கத் திறனைக் குறைக்க முயல்வதில் பயனில்லை.

வளைய ஆடியா, கீற்றணியா என்பதைப் பயன்பாடு தீர்மானிக்கும். வளைய ஆடி எல்லா அலைநீளத்தையும் திருப்புவதால் ராமன் உச்சங்கள் தம் விருப்பப்படி எழும். கீற்றணி வைத்தால் அதன் அலைநீளத்தில் லேசர் பூட்டிக்கொள்ளும். 2011-இல் பாபின் குழு அனுசரிக்கக்கூடிய வடிகட்டியைச் சேர்த்து 1535 முதல் 1570 நானோமீட்டர் வரை நகர்த்திக் காட்டியது.

ஒட்டும் வரிசை: பம்பின் வெளியீடு டபிள்யூ.டி.எம்.மின் 1455 துறையில். ஆடி அதன் 1550 துறையில். பொதுத் துறை முதல் உருளையில். முதல் உருளை இரண்டாவதில். இரண்டாவதின் முனை இரண்டாவது டபிள்யூ.டி.எம்.மில். அதன் 1550 துறை ஐசோலேட்டருக்கு, பிறகு டேப்புக்கு, பிறகு ஏ.பி.சி. முனைக்கு. 1455 துறையில் மீந்த பம்ப் தனியே வெளியேறும், அந்த முனையும் ஏ.பி.சி.யாகவே இருக்கட்டும். பம்ப் முதல் இரண்டாவது உருளையின் முனை வரை எங்கும் கனெக்டர் வேண்டாம், எல்லாம் உருக்கி ஒட்டிய ஸ்பிளைஸ். இதற்கு இரண்டு காரணங்கள், இரண்டும் அடுத்த பகுதியில் வருகின்றன.

ஐசோலேட்டரை விட்டுவிடும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஸ்பெக்ட்ரம் அனலைசரின் (நிறமாலையை அளக்கும் கருவியின்) உள்ளீட்டு முகப்பு திருப்பி அனுப்பும் ஒளியும் லேசரின் ஒரு பகுதியாகிவிடும். கருவியை மாட்டினால் ஒரு நிறமாலை, கழற்றினால் வேறு நிறமாலை என்று வரும்போது அளப்பது எதை என்றே தெரியாமல் போகும்.

என்ன கெடும், எவ்வளவு கெடும்

இனி இரண்டு இழப்புகளை ஒப்பிடுவோம். பம்ப் வழியில் 1 டெசிபல் கூடுதல் இழப்பு, மோசமான ஒரு ஸ்பிளைஸும் தரம் குறைந்த ஒரு கப்ளரும் சேர்ந்தால் எளிதில் வந்துவிடும் அளவு அது. உள்ளே 0.84 வாட் போக வெளியே 1.06 வாட் கொடுக்கவேண்டும். 220 மில்லிவாட் நஷ்டம். அதே 1 டெசிபல் ஆடியின் பக்கம் போகவர ஏற்பட்டால், அதை ஈடுகட்டப் பெருக்கம் 0.115 நேப்பர் கூடினால் போதும். ஒரு வாட் பம்புக்கு 5.8 நேப்பர் என்ற விகிதத்தில் அது வெறும் 20 மில்லிவாட். பத்து மடங்குக்கும் மேல் வேறுபாடு.

இன்னும் தள்ளிப் பார்க்கலாம். ஆடியின் திறம் பாதியாகிவிட்டாலும் தொடக்கத் திறன் 60 மில்லிவாட் மட்டுமே ஏறும். பத்தில் ஒன்றாகிவிட்டால் 200 மில்லிவாட். ஆடியே வைக்காமல் அந்த முனையைத் தட்டையாக வெட்டி விட்டாலும், காற்று-கண்ணாடி எல்லையின் 3.5 சதவீதப் பிரதிபலிப்பை வைத்துக்கொண்டு 1.15 வாட் அருகே லேசர் தொடங்கிவிடும். ஆகவே விலை உயர்ந்த 99.9 சதவீதக் கீற்றணியைத் தேடி அலைவதைவிட, பம்ப் பக்கத்து ஸ்பிளைஸ்களைத் திரும்ப ஒட்டி 0.05 டெசிபலுக்குள் கொண்டுவருவது பலமடங்கு பயன் தரும்.

மறுபுறம், தொலைமுனையில் சலுகையே கிடையாது. ஐசோலேட்டர் இல்லாமல் அந்த முனை தட்டையாக இருந்தால் என்ன ஆகும்? சிதறல் தரும் பின்னூட்டம், உச்ச எடைக்கு மாற்றிச் சொன்னால், 4.5 × 10⁻⁵ × 27.5, அதாவது 0.12 சதவீதம். தட்டை முனை 50 கி.மீ.யில் 0.61 எடையோடு 3.5 சதவீதத்தைத் தருகிறது. பதினேழு மடங்கு அதிகம். லேசர் 0.62 வாட்டிலேயே தொடங்கிவிடும். பார்ப்பவருக்கு இது நல்ல செய்தி போலத் தோன்றும்: கணக்கைவிடக் குறைந்த பம்பில் லேசர்! உண்மையில் கிடைத்திருப்பது 50 கி.மீ. நீளமுள்ள சாதாரண இரட்டை ஆடி லேசர். தொடக்கத் திறன் கணக்குக்குக் கீழே போனால் மகிழாமல் முனையைப் பாருங்கள்.

நூறு கிலோமீட்டரில் அதே தட்டை முனை தனியாக லேசரைத் தொடங்க 0.93 வாட் கேட்கும், சிதறல் 0.82-லேயே தொடங்கிவிடும். முனையின் தாக்கம் முற்றிலும் மறையாது, ஆனாலும் ஆட்சி சிதறலின் கையில். நீளத்தைக் கூட்டுவதில் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது.

தட்டை முனையைவிடத் தந்திரமானது அழுக்கான ஏ.பி.சி. முனை. சுத்தமான ஏ.பி.சி. −60 டெசிபல் அளவில் திருப்பும், அது கவலைப்படத் தேவையில்லாத அளவு. முகப்பில் கீறலோ தூசியோ சேர்ந்து −40 டெசிபல் ஆனால், பின்னூட்டத்தில் ஏறக்குறைய 5 சதவீதம் அந்தப் புள்ளியிலிருந்து வரும். தொடக்கத் திறன் 4 மில்லிவாட் குறையும், எந்தத் திறன்மானியிலும் அது கண்ணில் படாது. ஆனால் இரைச்சல் நிறமாலையில் பட்டுவிடும்.

இரண்டு உருளைகளுக்கும் இடையில் வசதிக்காகக் கனெக்டர் வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. 25 கி.மீ. என்பது எடை 0.76 உள்ள இடம். நல்ல தொடுகை இருந்தால் −50 டெசிபல், தப்பிக்கலாம். தூசி நுழைந்து −30 ஆனால், அந்த ஒற்றைப் புள்ளியே 27 கி.மீ. சிதறலில் பாதிக்கும் மேலான பங்கைத் தனியாகத் தந்துவிடும். அதே கனெக்டர் 5 கி.மீ.யில் இருந்தால் எடை 0.013 என்பதால் கேட்பாரற்றுப் போயிருக்கும்.

கனெக்டர் கூடாது என்பதற்கு இரண்டாவது காரணம் ஆபத்து. ஒரு வாட்டுக்கு மேல் செல்லும் ஒற்றை மோடு இழையில், அழுக்கான கனெக்டர் முகப்பு சூடேறிக் கருகினால் 'இழைத் திரி' பற்றிக்கொள்ளலாம். பளிச்சென்ற ஒரு வெண்பொறி மையத்தின் வழியே பம்பை நோக்கி நொடிக்கு ஒரு மீட்டர் அளவிலான வேகத்தில் ஊர்ந்து வரும். கடந்த இடமெல்லாம் குமிழிகளின் வரிசையாகிப் பாழாகிவிடும். பம்பை அணைக்கும் வரை நிற்காது. பம்ப் எரியும்போது எந்தக் கனெக்டரையும் கழற்றக்கூடாது என்பது விதி. 1455 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது என்பதால், முனை இருட்டாக இருப்பதைப் பார்த்து ஒளி இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. அந்த அலைநீளத்துக்குரிய பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே வேலை செய்யவேண்டும்.

அளவீட்டில் மயக்கும் இன்னொன்று மீந்த பம்ப். 50 கி.மீ.யில் பம்புக்கு 12.5 டெசிபல் இழப்பு. 0.84 வாட் உள்ளே போனால் 47 மில்லிவாட் மறுமுனைக்கு வந்து சேரும். இரண்டாவது டபிள்யூ.டி.எம். இல்லாமல் திறன்மானியை வைத்தால், லேசர் தொடங்கும் முன்பே 40 மில்லிவாட் காட்டும். வரைபடத்தில் முழங்கால் வளைவு மழுங்கி, தொடக்கத் திறன் எது என்றே சொல்லமுடியாமல் போகும்.

உண்மையிலேயே ஒழுங்கற்றதுதானா?

ஆடி வைத்த லேசருக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்வது வெளியீட்டின் இரைச்சல் நிறமாலை. டேப்பின் 1 சதவீத ஒளியை ஃபோட்டோடையோடில் விட்டு, ஆர்.எஃப். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் 0 முதல் 50 கிலோஹெர்ட்ஸ் வரை பாருங்கள். பிரிதிறன் 100 ஹெர்ட்ஸுக்குள் இருக்கட்டும். எங்கோ இரண்டு குறிப்பிட்ட புள்ளிகளுக்கு இடையே ஒளி சுற்றினால், அந்தச் சுற்று நேரத்துக்கேற்ற சம இடைவெளியில் சீப்புப் பற்கள் போல உச்சங்கள் எழும். சிதறல் மட்டுமே பின்னூட்டம் என்றால் சுற்றுக்கு ஒரே நீளம் என்று கிடையாது, பற்களும் கிடையாது, வழவழப்பான ஒரு சரிவு மட்டுமே. 83 கி.மீ.க்கு இடையில் ஆடிகள் இருந்திருந்தால் பற்கள் 1.2 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருந்திருக்கும். 2010-இல் அவை இல்லாததே இது வேறு வகை லேசர் என்பதற்கு முதன்மைச் சான்றாக நின்றது.

பற்கள் தெரிந்துவிட்டால் அதுவே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். 102-ஐப் பற்களின் இடைவெளியால் (கிலோஹெர்ட்ஸில்) வகுத்தால், ஆடியிலிருந்து அந்தப் பிரதிபலிப்பு எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று வந்துவிடும். இடைவெளி 2.04 என்றால் 50 கி.மீ., தொலைமுனை. 4.08 என்றால் 25 கி.மீ., உருளைகளுக்கு இடையிலான ஒட்டு. இரண்டு சீப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் இரண்டும் குறையுடையவை. 102 என்ற எண், இழையில் ஒளியின் வேகத்தில் (மில்லிநொடிக்கு கிலோமீட்டரில்) பாதி, அவ்வளவே. ஓ.டி.டி.ஆர். கருவி (துடிப்பை அனுப்பி, எந்தத் தொலைவில் ஒளி திரும்புகிறது என்று காட்டுவது) இருந்தால் பம்பை அணைத்துவிட்டு அந்தத் தொலைவில் முள் போன்ற பிரதிபலிப்பு இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளலாம்.

இன்னொரு சோதனைக்குக் கூடுதல் கருவி வேண்டாம். பம்பை அணைத்துவிட்டு, தொலைமுனையிலிருந்து சில மீட்டர் உள்ளே இழையை 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டில் ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். ஜி.652 இழை அந்த வளைவில் 1550 நானோமீட்டர் ஒளியைப் பெரிதும் கசியவிடும், முனையின் பிரதிபலிப்பு அதோடு அறுந்துவிடும். பம்பை மெல்ல ஏற்றித் தொடக்கத் திறனைத் திரும்ப அளந்தால் மாறாமல் இருக்கவேண்டும். முனைக்கு முன்பான டேப் வழியாகவோ ஆடிப் பக்கக் கசிவு வழியாகவோ அளந்துகொள்ளலாம். தொடக்கத்தைத் தாண்டி வெகுதூரம் ஏற்றவேண்டாம். கசியும் ஒளி மேற்பூச்சைச் சூடாக்கி எரித்துவிடும்.

தொடக்கத்தருகே ஒரு குழப்பம்

தொடக்கத் திறனை ஒட்டி நிற்கும்போது வெளியீடு நிலையாக இராது. அலைக்காட்டியில் ஒழுங்கற்ற கூர்த்துடிப்புகள் வந்து வந்து போகும், நிறமாலையில் மெல்லிய ஊசிகள் தோன்றி மறையும். இழை கெட்டுவிட்டதென்று இதைக் கண்டு அஞ்சவேண்டாம். குறுகிய கோடாக உருவாகும் ஒளி, தூண்டப்பட்ட பிரில்லூவன் சிதறலை (கண்ணாடிக்குள் எழும் ஒலி அலையில் ஒளி சிதறுவது) எளிதில் கிளப்புகிறது. அது சுமார் 11 கிகாஹெர்ட்ஸ், அதாவது 0.09 நானோமீட்டர் தள்ளிப் புதிய கோடுகளை அடுத்தடுத்து உண்டாக்கிக் கலைக்கிறது. பம்பை இன்னும் ஏற்றினால் நிறமாலை ஒரு நானோமீட்டர் அளவுக்கு விரிந்து, பிரில்லூவன் சிதறலுக்குத் தேவையான குறுகலான கோடு இல்லாமல் போகிறது, வெளியீடு அமைதியாகிறது. நிலைத்தன்மையை அளக்க வேண்டுமென்றால் தொடக்கத்தின் ஒன்றரை மடங்குக்கு அருகே அளப்பது நல்லது. 1.01 மடங்கில் எடுத்த அளவை வைத்து இந்த லேசர் நிலையற்றது என்று எழுதுவது அநியாயம்.

மேல்பக்கமும் எல்லை உண்டு. பம்பை வெகுவாக ஏற்றினால் 1557 நானோமீட்டர் ஒளியே அடுத்த பம்பாகி, 1670 நானோமீட்டர் அருகே இரண்டாம் படி தொடங்கும். ஜி.652 இழையில் அங்கே இழப்பு அதிகம், உருளையின் வளைவுகளும் கசியவிடும். வெளியீடு ஏறாமல் தேங்கினால் நிறமாலையின் அந்தப் பக்கத்தையும் பாருங்கள்.

நீளத்தைச் சுருக்குவதும் பயனும்

எல்லாச் சோதனையும் 50 கி.மீ. கேட்பதில்லை. ராலே சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் போவதால், 1115 நானோமீட்டரில் அது 1555-இல் உள்ளதைப்போல 3.8 மடங்கு. ராமன் பெருக்கமும் அங்கே வலுவானது. 1 மைக்ரோமீட்டர் அருகே பல வாட் பம்ப் செய்யும் இட்டெர்பியம் லேசர்கள் கிடைப்பதால், ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த இழையிலேயே பாதி திறந்த ஒழுங்கற்ற லேசர்கள் கட்டப்பட்டுள்ளன. அங்கே இழையின் இழப்பு சிறிது என்பதால் பம்பின் பெரும்பகுதி முன்புற வெளியீடாகவே மாறுகிறது. ஆனால் எச்சரிக்கையும் அதே அளவு கூடுகிறது. குறுகிய இழையில் தொலைமுனையை மறைக்கும் இழப்பு கிடையாது, முனையின் எடை ஏறக்குறைய 1. ஏ.பி.சி. முகப்பு போதாது என்று தோன்றினால் மையமற்ற இழைத்துண்டு ஒன்றை முனையில் ஒட்டி, அதன் வெளிமுகத்தைச் சாய்வாக வெட்டுவது நம்பகமான வழி.

நீண்ட வடிவத்தின் பயன் வேறு வகை. 1365 நானோமீட்டர் அருகே பம்ப் செய்து, 1455-இல் தொலைமுனைக் கீற்றணியோடு ஒழுங்கற்ற லேசரை இழைக்குள்ளேயே உண்டாக்கி, அதைக் கொண்டு 1550 சைகையைப் பெருக்குவது நெடுந்தொலைவு ஒளியிழைத் தொடர்பில் ஆராயப்படும் முறை. பெருக்கம் வழிநெடுகப் பரவுவதால் சைகை ஆழமாகத் தேய்ந்து பின் எழவேண்டியதில்லை. சைகையோடு ஒரே திசையில் பம்ப் செய்தால் பம்பின் இரைச்சல் சைகையில் ஏறிவிடும் என்பது அங்கே தீராத சிக்கல். தொலைவிலுள்ள பிராக் கீற்றணி உணரிகளையும் இதே லேசர் படிக்க உதவுகிறது. தொலைமுனையில் வைத்த கீற்றணியே லேசரின் ஆடியாகி, வெப்பமோ இழுவிசையோ மாறும்போது லேசரின் அலைநீளம் கூடவே நகரும். அந்தப் பயன்பாட்டில், இந்தக் கட்டுரை முழுவதும் குற்றவாளியாக நின்ற தொலைமுனைப் பிரதிபலிப்புதான் அளக்கப்படும் பொருள். அங்கே விழிப்பாயிருக்க வேண்டியது நடுவழி ஒட்டுகளில், எடை கூடிய 20 முதல் 40 கி.மீ. வரையிலான பகுதியில்.